கடலுக்கடியில் ஒரு வரவு செலவுக் கணக்கு

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "வருஷா வருஷம் எல்லாரும் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பத்தியே பேசுறாங்க, நீயாவது உருப்படியா ஏதாவது பேசுய்யா" என்றார். சரி என்று தலைப்பைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கம்ப்யூட்டர் கேமா?" என்றார். ஆமாம் ஐயா, கம்ப்யூட்டர் கேம்தான். நாங்கள் படித்த காலத்தில் இந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் போகவேண்டுமானால் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி அந்த மரியாதை அதற்குத்தான். அப்படிப்பட்ட கருவியில் விளையாடியதைப் பற்றி, அதுவும் இந்த மேடையில், பேசலாமா என்று எனக்கே தயக்கம் இருந்தது. ஆனால் பொதுத் தேர்வு, பொதுத் தேர்தல் இரண்டையும்விட அதிகமாகப் பொருளாதாரம் எனக்குப் புரிந்த இடம் அதுதான். அதனால் பேசிவிடுகிறேன்.

விளையாட்டின் பெயர் 'சிட் மெயர்ஸ் ஆல்ஃபா சென்டாரி'. 1999-ம் வருடம் பிப்ரவரியில் அமெரிக்காவிலுள்ள ஃபிராக்சிஸ் என்ற நிறுவனம் உருவாக்கி வெளிவந்தது. முக்கிய வடிவமைப்பாளர் பிரையன் ரெனால்ட்ஸ். கதை இதுதான். பூமியை விட்டுக் கிளம்பிய ஒரு விண்கலம் வழியிலேயே உட்பூசலால் உடைகிறது. அதிலிருந்தவர்கள் ஏழு கட்சியாகப் பிரிந்து வேறொரு கிரகத்தில் இறங்குகிறார்கள். ஒரு கட்சிக்குத் தலைவர் பிரவின் லால், நம்ம ஊர்க்காரர், ஐ.நா. அமைதிப் படையின் கமிஷனர். இன்னொருவர் நிவாபுடிகே மோர்கன், பெரிய வியாபாரி. அதே வருடக் கடைசியில் 'ஏலியன் கிராஸ்ஃபயர்' என்று ஒரு கூடுதல் பகுதி வந்தது. அதில் இன்னும் ஏழு கட்சிகள். அதில் ஒன்றுதான் 'நாட்டிலஸ் பைரேட்ஸ்'. இவர்களுக்கு நிலமே வேண்டாம். முதல் ஊரையே கடலில்தான் அமைப்பார்கள். நான் எப்போதும் எடுத்துக்கொள்கிற கட்சி அது.

ஏன் அந்தக் கட்சி என்று கேட்டால், மழைக்குப் பயப்பட வேண்டாம், அதனால்தான். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டில் மூன்றே வரவு. சாப்பாடு, கனிமம், எனர்ஜி. எனர்ஜிதான் பணமும். நிலத்தில் இருக்கிற ஊருக்குச் சாப்பாடும் எனர்ஜியும் வானத்தைப் பார்த்துத்தான் வரும். காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும். மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டும், கிழக்குச் சரிவு காய்ந்து கிடக்கும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையைத் தெரிந்தவனுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சூரிய ஒளியிலிருந்து எனர்ஜி எடுப்பதாக இருந்தால் மேடு உயர உயர வரவு கூடும். ஆக, மழை வேண்டுமா, மேடு வேண்டுமா, இரண்டும் கலந்து வேண்டுமா என்று ஒவ்வொரு ஊரும் மண்டையை உடைத்துக்கொள்ளும். விஷமக்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள். தன் எல்லையில் நிலத்தை உயர்த்தி மலையாக்கி, கிழக்கே இருக்கிற பக்கத்து நாட்டுக்காரனுடைய மழையை மறித்துவிடுவார்கள். ஒரு குண்டு போடாமல் ஒரு நாட்டின் விளைச்சலைக் கெடுக்கலாம்.

கடலுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆழம் குறைந்த கரையோரக் கடலில் கெல்ப் என்கிற பெருங்கடற்பாசியைப் பயிர் வைத்தால், வடக்கோ தெற்கோ, வெயிலோ குளிரோ, ஒரே விளைச்சல். அலையிலிருந்து எனர்ஜி எடுக்கும் இயந்திரம் வைத்தால் அதுவும் எங்கே வைத்தாலும் ஒரே அளவு. மேடு பள்ளம் பார்க்க வேண்டாம், மழை பார்க்க வேண்டாம். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, கையில் காசுக்கும் பஞ்சமில்லை. ஒரே ஒரு குறை, கனிமம். கடலில் கனிமம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கனிமம் இல்லாமல் கட்டடம் எழும்பாது, கப்பல் ஓடாது. வயிறு நிறைந்த, பை நிறைந்த, ஆனால் செங்கல் இல்லாத நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல் இல்லாதவன் என்ன செய்வான்? வியாபாரம் செய்வான். இந்த விளையாட்டில் இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், என்னுடைய ஊர் ஒன்றும் அவனுடைய ஊர் ஒன்றும் ஜோடி சேரும். இரண்டுக்கும் வருமானம். ஊர் எவ்வளவு செழிப்போ அவ்வளவு வருமானம். நான் லாலோடு ஒப்பந்தம் போட்டிருந்தேன். அவருடைய நாடு எனக்கு நேர் எதிர்க் கரையில். ஊர்களெல்லாம் கடற்கரையை ஒட்டித் தாழ்வான சமவெளியில் இருந்தன. பெயர்களெல்லாம் 'யு.என்.' என்று ஆரம்பிக்கும். என் பெரிய ஊர்களுக்கு ஜோடி அவருடைய பெரிய ஊர்கள். ஒரு நூறு வருடம், அதாவது நூறு சுற்று, அந்த வியாபாரத்தில்தான் என் நாடு வளர்ந்தது.

இப்போது தட்பவெப்பத்துக்கு வருகிறேன்.

நிலத்து நாடுகள் தொழிற்சாலையை முடுக்கிவிட்டால், ஒரு அளவுக்கு மேல் அந்தக் கிரகம் தாங்காது. முதலில் பூஞ்சைக் காடு வெடித்துக் கிளம்பி வயலை மூடும். அதையும் பொருட்படுத்தாமல் போனால் துருவப் பனி உருகி, கடல் மட்டம் ஏற ஆரம்பிக்கும். முன்னெச்சரிக்கையாக ஒரு அறிவிப்பு வரும். தாழ்வான நிலத்தில் இருக்கிற வயல், சுரங்கம், சூரியத் தகடு எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். ஊர் பிழைக்க வேண்டுமானால் 'பிரஷர் டோம்' என்று ஒரு கூரையை முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். அதற்குக் கனிமம் நிறையச் செலவாகும். கட்டாத ஊர் தாங்காது.

1999-ல், கியோட்டோ ஒப்பந்தம் ஏற்கப்பட்டு அதிகக் காலம் ஆகாத நேரத்தில், இதையெல்லாம் ஒரு பொழுதுபோக்கு விளையாட்டில் வைத்தார்கள் என்பதே பெரிய விஷயம். ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடக் கொஞ்சம் கசப்பானது. இந்த விளையாட்டில் கடல் மட்டம் தானாக ஏறுவது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு, ஓட்டு. எல்லாத் தலைவர்களும் கூடுகிற ஒரு கிரக மன்றம் இருக்கிறது. அதில் 'துருவப் பனியை உருக்குவோம்' என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். எதிர்மாறாக, விண்வெளியில் நிழற்குடை மாதிரி ஒன்றை ஏற்றி வெயிலைக் குறைத்து, கடலை இறக்கவும் தீர்மானம் போடலாம். பெரும்பான்மை கிடைத்தால் நிறைவேறும். இந்தத் தீர்மானங்களில் கட்சிக்கு ஒரு ஓட்டு, ஆனால் கிரக ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும்போது மக்கள்தொகைக்குத் தக்கபடி ஓட்டு. அந்தத் தேர்தலில் லாலுக்கு மட்டும் இரட்டை ஓட்டு.

கடல் மட்டம் உயர்ந்தால் எனக்கு என்ன? மூழ்குகிற சமவெளி முழுவதும் ஆழம் குறைந்த புதுக் கடல். அங்கே நான் கெல்ப் பயிர் வைக்கலாம். யாருக்கோ வெள்ளம், எனக்குப் பட்டா நிலம்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். ஓட்டுப் போதவில்லை. மோர்கனிடம் எனர்ஜி கிரெடிட்டை நீட்டினேன், அவர் வாங்கிக்கொண்டார். ஓட்டுக்குப் பணம் என்பது நமக்கொன்றும் புதிதில்லையே! (சிரிப்பு) லால் எதிர்த்து ஓட்டுப் போட்டார். தீர்மானம் நிறைவேறியது.

அப்போது என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். திரையில் கடற்கரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதைப் பார்த்தாள். யு.என். என்று ஆரம்பிக்கிற ஊர்களின் பக்கத்தில் இருக்கிற மக்கள்தொகை எண் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வந்தது. "அப்பா, அந்த ஊர்க்காரங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டாள். "எங்கயும் போகலைம்மா, நம்பர் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பொருளாதாரத் துறை மாணவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் புதுக் கடல் கிடைத்தது, உண்மை. ஆனால் அதில் ஒவ்வொரு கட்டமாகக் கெல்ப் வைக்க வேலைக்கலங்கள் வேண்டும். அந்தக் கலங்களுக்குக் கனிமம் வேண்டும். என்னிடம் இல்லாதது அதுதானே! ஆக லாபம் ஆமை வேகத்தில் வந்தது. நஷ்டமோ அந்தந்தச் சுற்றிலேயே வந்தது. லாலின் ஊர்கள் சுருங்கச் சுருங்க அவற்றோடு ஜோடி சேர்ந்திருந்த என் ஊர்களின் வியாபார வருமானமும் சுருங்கியது. மழை என்னைத் தொடாது, வெயில் தொடாது என்று நான் இறுமாந்திருந்தேன். தட்பவெப்பம் என் வாசல் வழியாக வரவில்லை, என் வாடிக்கையாளரின் வாசல் வழியாக வந்தது.

இன்னொன்றை நான் முதலில் கவனிக்கவே இல்லை. ஆளுநர் தேர்தலில் மக்கள்தொகைக்குத் தக்கபடி ஓட்டு என்றேன் அல்லவா? ஊர் மூழ்கினால் மக்கள் குறைவு, மக்கள் குறைந்தால் ஓட்டும் குறைவு. பிறகு ஒரு கட்டத்தில் லால் ஆளுநராக விரும்பினாலும் அதற்கு வேண்டிய ஓட்டு அவரிடம் இல்லை. மூழ்கினவனுடைய குரலும் சேர்ந்தே மூழ்கிவிடுகிறது. வடிவமைப்பாளர்கள் இதை வேண்டுமென்றே வைத்தார்களா, இரண்டு விதிகள் ஒன்றோடொன்று உரசித் தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. எப்படி வந்திருந்தாலும், மூன்று வருடம் இங்கே உட்கார்ந்து படித்ததில் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

இனி, விளையாட்டை உண்மையோடு ஒத்துப் பார்ப்போம். விளையாட்டு எங்கே பொய் சொல்கிறது?

முதல் பொய், எங்கே வைத்தாலும் ஒரே விளைச்சல் தருகிற கெல்ப். நிஜக் கெல்ப் குளிர்ந்த தண்ணீரில் வளர்கிற ஜீவன். அமெரிக்காவில் வடக்குக் கலிஃபோர்னியாக் கரையில் 2014-லிருந்து 2016 வரை கடல் வழக்கத்தைவிட மிகவும் சூடாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பே ஒரு நோய் வந்து நட்சத்திர மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயிருந்தன. அவற்றுக்கு இரையாக வேண்டிய கடல் அர்ச்சின், அதாவது முள் பந்து மாதிரி இருக்கிற பிராணி, கட்டுப்பாடில்லாமல் பெருகிக் கெல்ப்பை வேரோடு மேய்ந்தது. சூடு ஒரு பக்கம், மேய்ச்சல் ஒரு பக்கம். அந்தக் கரையின் கெல்ப் காட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் போய்விட்டது. கெல்ப்பைத் தின்று வாழ்கிற அபலோன் என்கிற ஒற்றை ஓட்டுச் சிப்பி பட்டினியில் செத்தது. 2018-ல் அபலோன் எடுப்பதற்கே தடை போட்டார்கள். அதை நம்பி அந்தச் சின்னச் சின்னக் கடற்கரை ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த கூட்டமும் நின்றது. இதில் எந்த ஒரு படியும் என் விளையாட்டில் இல்லை.

இரண்டாவது பொய், கடலில் எதுவும் இடம் மாறாது என்பது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டைப் பாருங்கள். அங்கே ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே வரும். அதை நம்பி அஞ்சோவெட்டா என்கிற நெத்திலி வகை மீன் கோடிக்கணக்கில் இருக்கும். எல் நினோ வந்தால் மேலே சூடான தண்ணீர் போர்வை மாதிரிப் படர்ந்து அந்த வரத்தைக் கெடுத்துவிடும். 1970-ல் பெரு பிடித்த அஞ்சோவெட்டா 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல். அளவுக்கு மீறிப் பிடித்ததும் 1972-ல் வந்த எல் நினோவும் கைகோர்த்தன. 1973-ல் அது சுமார் 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அரைத்து மாவாக்கி உலகத்துக்கே கோழித் தீவனம் அனுப்பிக்கொண்டிருந்த தொழில் அது. 2023-லும் எல் நினோ வந்து, வடக்கு, மத்தியக் கடல் பகுதியில் அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே பெரு அரசு ரத்து செய்தது.

அதே எல் நினோ இன்னொருவருக்கு வரவு. பசிபிக் நடுவில் கிரிபாட்டி என்று ஒரு நாடு. பவளத் தீவுகள். பெரும்பாலான இடம் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டர்தான். கடல் பரப்போ இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிது. எல் நினோ வருடத்தில் மேற்குப் பசிபிக்கின் சூடான தண்ணீர் கிழக்கே நகரும்போது, அதோடு சூரை மீனும் கிழக்கே நகர்ந்து கிரிபாட்டியின் கடலுக்குள் வரும். அன்னியக் கப்பல்கள் அங்கே மீன் பிடிக்கக் காசு கொடுக்க வேண்டும். கிரிபாட்டி, துவாலு, நவ்ரு உள்ளிட்ட எட்டு நாடுகள் கூட்டாகச் சேர்ந்து, 'ஒரு கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்க இவ்வளவு' என்று 2007 முதல் விற்கின்றன. கிரிபாட்டி அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த உரிமக் கட்டணம்தான். ஒரு கஜானா, மீன் எந்தப் பக்கம் நீந்துகிறது என்பதைப் பார்த்து நிரம்புகிறது, வற்றுகிறது. நம்ம ஊரில் பட்ஜெட் போடுகிறவர்களை அங்கே ஒரு வருடம் அனுப்பி வைக்கலாம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

கொடுமை என்னவென்றால், கடலைச் சூடாக்கி மீனைக் கூட்டி வருகிற அதே வெப்பம்தான் அவர்கள் நிலத்துக்கும் உலை வைக்கிறது. 2014-ல் கிரிபாட்டி அரசு ஃபிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை விலைக்கு வாங்கியது. விளையாட்டில் நான் மூழ்கடிக்கிறவன், லால் மூழ்குகிறவர். கிரிபாட்டி இரண்டுமாக இருக்கிறது, கடலில் சம்பாதிக்கிற நாடும் அதுதான், கடலில் போகப்போகிற நாடும் அதுதான்.

ஓட்டு விஷயத்தில் மட்டும் நிஜ உலகம் என் விளையாட்டைவிடக் கொஞ்சம் நல்லது. ஐ.நா. பொதுச்சபையில் சுமார் பதினோராயிரம் பேர் இருக்கிற துவாலுவுக்கும் ஒரு ஓட்டு, நமக்கும் ஒரு ஓட்டு. 1990-ல் சிறு தீவு நாடுகள் எல்லாம் ஒரு கூட்டணி அமைத்தன. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒன்றரை டிகிரி என்ற வார்த்தை இடம் பெற்றதற்கு அவர்கள் விடாமல் குரல் கொடுத்தது ஒரு முக்கியக் காரணம். ஆனால் நிலமே போன பிறகு அந்த நாட்டின் ஓட்டும் மீன் உரிமையும் யாருடையது? 2023-ல் துவாலு தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நிலம் மூழ்கினாலும் நாடு நாடாகவே தொடரும் என்று எழுதி வைத்தது. என் விளையாட்டில் லாலுக்கு அப்படி எழுதி வைக்க ஒரு பட்டன் இல்லை.

இதையெல்லாம் அன்றைக்கே மகளிடம் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அந்த ஆட்டத்தை முடித்து, ஜெயித்து, தூங்கப் போய்விட்டேன். அவள் கேட்ட கேள்வி பிறகுதான் குடைந்தது. அதற்குப் பிறகுதான் கிரிபாட்டியையும் பெருவையும் தேடிப் படித்தேன்.

இப்போது அவள் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. போன மாதம் லீவில் வந்தவள், அந்தப் பழைய விளையாட்டைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள். லாலை எடுத்துக்கொண்டாள். பள்ளமான கரையில் ஊர் வைத்தாள், எதிரே கடலில் பைரேட்ஸ். ஆலை கட்ட வேண்டிய கனிமத்தையெல்லாம் ஒவ்வொரு கரையோர ஊருக்கும் பிரஷர் டோம் கட்டுவதில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் எல்லாப் பட்டியலிலும் கடைசி இடம். "இப்படி ஆடினா தோத்துடுவியேம்மா, இன்னும் யாரும் தீர்மானமே கொண்டு வரலையே" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க கொண்டு வந்தீங்களேப்பா" என்றாள்.

நேற்று ராத்திரி போன் செய்து கேட்டேன். ஒன்பது ஊருக்குக் கட்டி முடித்தாகிவிட்டதாம், இன்னும் நாலு பாக்கி. மன்றம் கூடவில்லை.